வராதவர்களின் பட்டியல்

ரத்ததான முகாமுக்குப் பெயர் வாங்குவது எளிது. சுற்றறிக்கை வகுப்புக்குள் வந்ததும் முதல் வரிசையில் ஒருவன் எழுதுவான். கடைசி பெஞ்சு வரை தாள் நிரம்பித்தான் திரும்பி வரும். யாரும் பொய்யாக எழுதுவதில்லை. எழுதுகிற அந்த நிமிடத்தில் கொடுக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு முகாம் நாளன்று காலை பத்து மணிக்குக் கலையரங்கத்துக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை தடைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் என் திட்ட அலுவலர் காலத்தின் பெரும்பகுதி போனது.

நான் வேதியியல் ஆசிரியை. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாக இருந்தேன். காந்தியின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. ஓர் அணிக்கு 100 மாணவர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை. அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஒரு பேனர், ஒரு பதிவேடு, செலவுக்கு ஒரு சிறு தொகை எல்லாம் பொறுப்போடு சேர்ந்து வரும். ஏற்பாடு செய்த நிகழ்ச்சிக்கு ஆள் வராதபோது என்ன செய்வது என்பது மட்டும் எந்தக் கையேட்டிலும் இல்லை.

முதலில் நடத்திய பெரிய ரத்ததான முகாமில் பட்டியலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ரத்த வங்கியிலிருந்து மருத்துவர், செவிலியர்கள், ஆய்வக நுட்பநர்கள் என்று ஒரு குழுவே ஒன்பது மணிக்கு வந்து இறங்கியது. கட்டில் போட்டாயிற்று, பழச்சாறும் பிஸ்கட்டும் அடுக்கியாயிற்று. பதினோரு மணிக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பெஞ்சில் அடங்கினார்கள். அவர்களிலும் பலரைப் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது மருத்துவர், "பரவாயில்லை மேடம், காலேஜ்ல இப்படித்தான் நடக்கும்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. ஆனால் அன்று மனத்தில் தங்கியது அதுதான். என் பிள்ளைகளைப் பற்றி வெளியே இப்படி ஒரு எண்ணம் இருப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை, எல்லாம் செல்போனோடு சரி என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், அடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்று எதுவும் மிஞ்சாது. அதனாலேயே அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு, வராதவர்களின் பெயர்களுக்குக் கீழே கோடு போட்டேன். அடுத்த சில வாரங்கள் ஆய்வகத்தில், வராந்தாவில், பேருந்து நிறுத்தத்தில் என்று கண்ட இடத்தில் ஒவ்வொருவரிடமும் பேசினேன்.

கேட்கும் விதம் முக்கியம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. "ஏன் வரலை?" என்றால் "சாரி மேடம்" என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். "அன்னைக்குக் காலையில என்னப்பா ஆச்சு?" என்றால்தான் கதை வரும்.

"ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போயிட்டேன் மேடம். கல்யாண வீடு. விடியக்காலை நாலு மணிக்குத்தான் ரூமுக்கு வந்தேன்" என்றான் இரண்டாமாண்டு வணிகவியல் மாணவன் ஒருவன். எங்கள் மாணவர்களில் பலர் இப்படித்தான். பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை, பந்தி பரிமாறும் வேலை. இரவு தூங்காதவனிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்பதால் அவன் வந்திருந்தாலும் திருப்பி அனுப்பத்தான் செய்திருப்பார்கள். கல்வராயன் மலை ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குக் காலைப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் சாப்பிடாமல்தான் கிளம்ப வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று நாங்களே துண்டறிக்கையில் அச்சடித்திருந்தோம். அதைப் படித்துவிட்டு ஒழுங்காக விலகிக்கொண்டவர்கள் அவர்கள். இன்னொரு துறையில் அதே நாளில் இன்டர்னல் தேர்வு வைத்திருந்தார்கள். முதலாமாண்டு மாணவர்கள் பலருக்கு இன்னும் 18 வயது முடியவில்லை. ஒருவன் வாசல் வரை வந்திருக்கிறான். உள்ளே மேடையில் வாழ்த்துரை நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து, நிகழ்ச்சி இப்போதைக்கு முடியாது என்று வகுப்புக்குத் திரும்பிவிட்டான்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. "எங்க ஆயா வேண்டாம்னுடுச்சு மேடம். ரத்தம் குடுத்தா உடம்பு இளைச்சுப் போயிடும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்கன்னு சொல்லுது." சிரித்து ஒதுக்கக்கூடிய பயம் இல்லை அது. வீட்டில் யாரும் அதுவரை ரத்தம் கொடுத்ததில்லை. கொடுத்தவருக்கு என்ன ஆகும் என்று அந்த ஆயாவுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

இப்படி எல்லோரிடமும் பேசி முடித்தபோது 'அக்கறை இல்லாதவர்கள்' என்று நான் யாரையும் குறிக்க வேண்டியிருக்கவில்லை. ஊசிக்குப் பயந்தவர்கள் சிலர், மறந்துபோனவர்கள் சிலர். மற்ற எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலான காரணங்கள் கல்லூரிக்குள்ளேயே சரிசெய்யக்கூடியவை.

அடுத்த முகாமுக்கு மேடை கிடையாது என்று முடிவெடுத்தோம். குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை எதுவும் வேண்டாம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். கல்லூரிகளில் நிகழ்ச்சி என்றாலே இவைதான் என்று ஆகிவிட்டது. கல்லூரி முதல்வர் முதல் ஆளாகக் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுக்கட்டும், அதுவே தொடக்கம் என்று கேட்டுக்கொண்டோம். அவரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். தேர்வுக் குழுவிடம் கல்வியாண்டு நாட்காட்டி தயாராகும்போதே தேதி வாங்கிவிட்டோம். கேன்டீனில் காலை எட்டு மணிக்கே இட்லி. டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசை. சாப்பிட்டவர்களுக்குத்தான் டோக்கன். பெற்றோருக்குத் தமிழில் ஒரு கடிதம், அதில் என் கைபேசி எண். உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது, எடுப்பது 350 மில்லி, அந்த நீர்ச்சத்து ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஈடாகிவிடும் என்று எழுதியிருந்தோம். பல வீடுகளிலிருந்து அழைத்தார்கள். ஓர் ஆயா என்னிடம் நெடுநேரம் பேசிவிட்டு, "நீ குடுத்திருக்கியாம்மா?" என்று கேட்டார். கொடுத்திருக்கிறேன், இரண்டு பிள்ளை பெற்றவள் நான், நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அந்தப் பெண் வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை எல்லாம் கூடிவந்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை என்ற செய்தி விடியற்காலையில் வந்தது. கேன்டீனில் இட்லி மாவு பொங்கிக் காத்திருந்தது. மாணவ ஒருங்கிணைப்பாளர்கள் இருவர் மழையில் நனைந்துகொண்டே கல்லூரிக்கு வந்து, பேனரை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ரத்த வங்கிக்கு அவர்களே தொலைபேசியில் பேசி வேறு தேதி கேட்டார்கள். நான் சொல்லிச் செய்ததில்லை அது. அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன் அந்தத் தொலைபேசி அழைப்புதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆள் குறைந்த ஒரு முகாமுக்குப் பிறகு மூத்த பேராசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். "வருகைப் பதிவுல கை வைங்கம்மா. தானா வருவாங்க." எண்ணிக்கை நிச்சயம் கூடியிருக்கும். ஆனால் ரத்ததானத்தில் கட்டாயம் என்பது ஆபத்து. ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, ஓராண்டுக்குள் பச்சை குத்திக்கொண்டாயா, மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா. எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி வகைகள், பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதனை உண்டு. ஆனால் தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் சோதனையில் அது தெரியாமல் போக வாய்ப்புண்டு. அந்த இடைவெளியில் ரத்தம் பெறுகிற நோயாளியைக் காப்பது, கொடுப்பவர் சொல்கிற உண்மை ஒன்றுதான். வருகைப் பதிவுக்காக வந்தவன் உண்மையை மறைப்பான். பணத்துக்கு ரத்தம் விற்பதை 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நிறுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பின்னாலும் இந்த அச்சம் இருந்தது. விருப்பத்தோடு வருவது என்பதே இந்த விஷயத்தில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அதனால் பரிசு, வருகைச் சலுகை, மிரட்டல் எதையும் எங்கள் அணி தொட்டதில்லை. எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும் என்று இருந்துவிட்டோம்.

அந்த எண்ணிக்கையைப் பற்றிய என் கணக்கையே மாற்றியவர் ரத்த வங்கியில் பணியாற்றிய ஒரு மருத்துவ அலுவலர். நூறு பேரைத் திரட்ட முடியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "ஒரே நாள்ல நூறு வேண்டாம் மேடம். மூணு மாசத்துக்கு ஒருதரம் முப்பது குடுங்க, எங்களுக்கு அதுதான் உதவி." பிறகு குளிர்பதன அறையைக் காட்டி விளக்கினார். ஒருவர் கொடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்கலாம். சிவப்பணுக்களைக் குளிரில் ஐந்து, ஆறு வாரம் வரை வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் அறை வெப்பநிலையில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் ஐந்து நாள்தான். டெங்கு பரவும் காலத்தில் கேட்டு வருவது தட்டணுதான். ஆகஸ்ட் மாதம் ஒரே நாளில் நூறு பை எடுத்துக் குவித்தால் நவம்பரில் வரும் நோயாளிக்கு அதில் சிவப்பணுவும் மிஞ்சாது, தட்டணுவும் மிஞ்சாது.

ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாள் கழித்தும், பெண் 120 நாள் கழித்தும்தான் மறுபடி கொடுக்கலாம். ஆக, மூன்று மாதத்துக்கு ஒரு சிறு முகாம் என்பது உடலின் கணக்குக்கும் பொருந்துகிறது, மருத்துவமனையின் கணக்குக்கும் பொருந்துகிறது. தோல்வி என்று நான் எழுதி வைத்திருந்த பல முகாம்கள், இந்தக் கணக்கில் பார்த்தால் தேவைக்கு அருகில் வந்தவை. அறிக்கையில் பெரிய எண் வேண்டும் என்று மேலிருந்து கேட்டபோதெல்லாம் இதையே விளக்கி எழுதினேன். சிலர் ஏற்றுக்கொண்டார்கள்.

இனி, எனக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்.

பரிசோதனை மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் நீல நிறத்தில் ஒரு கரைசல் இருக்கும். காப்பர் சல்பேட், நம் ஊர் மயில்துத்தம். அதன் ஒப்படர்த்தி 1.053 இருக்கும்படி கரைத்திருப்பார்கள். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் சொட்டு பதினைந்து நொடிக்குள் அடியில் இறங்கிவிடும். குறைவாக இருந்தால் தயங்கும், மிதக்கும், பாதியில் நின்று மேலே வரும். வேதியியல் படித்தவளுக்கு அது ஓர் அழகான சோதனை. ஆனால் எங்கள் பெண்களின் சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பது கடினம். வீட்டில் சண்டை போட்டு அனுமதி வாங்கி, இட்லி சாப்பிட்டு, டோக்கன் வாங்கி, தோழிகளின் முன்னால் தைரியமாகக் கையை நீட்டிய பெண்ணிடம், "உனக்கு ரத்தம் கம்மிம்மா, போய் நல்லா சாப்பிடு" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கழிப்பறைப் பக்கம் போய் அழுதவர்கள் உண்டு. அமைப்பாளருக்கு வரும் ஏமாற்றத்தை விட இது பெரிது என்று எனக்குப் பட்டது. அடுத்த முறை அவள் வர மாட்டாள். அவள் தோழிகளும் வர மாட்டார்கள்.

15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகைக்கான எல்லை 12 கிராம். கொடையாளருக்கான எல்லை 12.5. ஆக, நோய் எதுவும் இல்லாமல் 12.2 உள்ள பெண்ணையும் திருப்பித்தான் அனுப்புவார்கள். அந்த வேறுபாட்டை விளக்க முகாம் மேசையில் யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே சோதனையை முகாமிலிருந்து பிரித்து, இரண்டு மாதம் முன்னதாக வைத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வந்து பார்த்துச் சொன்னார். குறைவாக இருந்தவர்களுக்கு மருத்துவ ஆலோசனை, இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்க மாத்திரை. மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது, டீ இரும்பை உடலில் சேர விடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்ந்தால் முருங்கைக்கீரையில் இருக்கும் இரும்பு உடலில் ஒட்டும் என்று ஆய்வகத்திலேயே ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பாடத்தில் பெர்ரஸ், பெர்ரிக் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் அன்று கேட்ட கேள்விகளைப் போல எந்தச் செமஸ்டரிலும் கேட்டதில்லை.

தகுதி வராதவர்களைச் சும்மா அனுப்பவில்லை. பதிவு மேசை, கொடுத்தவர்களைப் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பழச்சாறு கொடுக்கும் இடம், மயக்கம் வந்தால் காலை உயர்த்திப் படுக்கவைக்கும் வேலை எல்லாம் அவர்களுடையது. முதல்முறை கொடுக்கும் இளம் வயதினருக்கு மயக்கம் வருவது சகஜம். பக்கத்தில் தெரிந்த முகம் இருந்தால் அது பாதியாகக் குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி மேசையில் இருந்த பெண்களில் சிலருடைய சொட்டு அடுத்த ஆண்டு அடியில் இறங்கியது. அன்று ஆய்வக நுட்பநரே கைதட்டினார்.

கிராமத்தில் நடக்கும் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் ஏமாற்றங்கள் உண்டு. மாலை விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு ஊரில் யாரும் வராமல், ஊராட்சிப் பள்ளித் திண்ணையில் மாணவர்களே மாணவர்களுக்கு நாடகம் நடித்த இரவுகள் இருந்தன. அங்கேயும் போய்க் கேட்டபோது நூறு நாள் வேலை முடிந்து வந்து, அடுப்பு மூட்டி, மாட்டைக் கட்டி முடிக்க எட்டு மணி ஆகிவிடும் என்றார்கள். கூட்டத்தை எட்டரைக்கு மாற்றி, பள்ளியிலிருந்து கோயில் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். மரக்கன்று நடுவது பற்றி மட்டும் எனக்கு ஒரு கடுமையான கருத்து உண்டு. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை எழுதக் கூடாது, மறு கோடையைத் தாண்டியவற்றைத்தான் எழுத வேண்டும். முள்வேலியும் தண்ணீர் ஊற்ற ஒரு வீட்டின் சம்மதமும் கிடைக்காத இடத்தில் குழி தோண்டவே கூடாது.

கல்லூரியில் எதை ஏற்பாடு செய்கிறவருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. நன்றாகப் பழகிய மாணவர்கள் இரண்டு ஆண்டில் போய்விடுவார்கள். ஜூன் மாதம் கதவைத் திறந்தால் எதுவும் தெரியாத புதுமுகங்கள். முந்தைய ஆண்டு கற்றதெல்லாம் மாற்றுச் சான்றிதழோடு வெளியேறிவிட்டிருக்கும். தொடக்கத்தில் இதுதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்தது. பிறகு ஒரு தடித்த நோட்டு போட்டோம். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்த மறுநாளும் மாணவர்களே அதில் எழுத வேண்டும். யார் வரவில்லை, அன்று காலை அவர்களுக்கு என்ன ஆனது, அடுத்த முறை எதை மாற்றலாம். நன்றியுரை, சிறப்பு விருந்தினர் பெயர் எதுவும் அதில் வராது. இறுதியாண்டு மாணவர்கள் மார்ச் மாதம் அதை இரண்டாமாண்டு மாணவர்களிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்களுக்காக முகூர்த்த நாளுக்கு மறுநாள் முகாம் வேண்டாம் என்பது அந்த நோட்டில் ஒரு மாணவன் எழுதியது. பஞ்சாங்கம் பார்த்து முகாமுக்குத் தேதி வைக்கும் பழக்கம் எங்கள் அணிக்கு வந்தது இப்படித்தான்.

தீராத ஒரு சிக்கல் கோடை விடுமுறை. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடுவதால் ரத்த வங்கிகளில் கையிருப்பு குறைந்துவிடும். விபத்தும் பிரசவமும் தலசீமியா குழந்தைகளின் தேவையும் விடுமுறை பார்ப்பதில்லை. நான் பொறுப்பை இளைய சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்த பிறகு, அவரும் மாணவர்களும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஜனவரியில் கொடுத்தவர்களின் 90 நாள், 120 நாள் எப்போது முடிகிறது என்று பார்த்து, அவரவர் சொந்த ஊருக்கு அருகில் உள்ள ரத்த வங்கியின் பெயரையும் எழுதி, ஊர்வாரியாக ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். மே மாதம் அழைப்பு வந்தால் பிள்ளைகள் அங்கேயே போய்க் கொடுத்துவிடலாம். சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம் பக்கங்கள் நிறைந்துவிட்டன. கல்வராயன் மலை ஊர்களுக்கு இன்னும் பெயர்கள் போதவில்லை. மலையிலிருந்து சேர்ந்திருக்கும் முதலாமாண்டு மாணவர்களில் யார் யாருக்கு எப்போது 18 முடிகிறது என்று இந்த வாரம் விடுதிக்குப் போய் எழுதி வரப்போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.